பெரிய விலங்கு வேட்டைக்கு எந்தத் தோட்டா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வேட்டைப் பருவம் நெருங்க நெருங்க எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி தோட்டாவைப் பற்றித்தான். பலர் கேட்டதையே பலரும் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். நான் தோட்டா என்று சொல்வது முழுசையும்: பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, நுனியில் குண்டு. குழலை விட்டுப் பறந்து போய் விலங்கின் மேல் படுவது குண்டு மட்டும்தான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்களே வருகின்றன.

கேள்வி: முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன். மானும் எல்க்கும் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) இரண்டுக்கும் ஆக வேண்டும். .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம், மூன்றில் எது?

மூன்றும் அனுப்புவது ஒரே விட்டமுள்ள குண்டைத்தான், 0.308 அங்குலம். கூட்டில் எவ்வளவு மருந்து பிடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 180 கிரெயின் குண்டு, அதாவது 11.7 கிராம், அதை .308 விநாடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது, .30-06 சுமார் 820, மேக்னம் சுமார் 900. முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 20 மீட்டரால் எல்க்கின் உடம்புக்குள் ஒன்றும் மாறிவிடாது. மேக்னத்தின் கூடுதல் வேகம் உண்மையிலேயே கைகொடுப்பது 300 மீட்டரைத் தாண்டிய பிறகுதான், அந்தத் தூரத்தில் முதல் ரைஃபிள்காரர் யாரும் விலங்கின் மேல் சுடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சுட்டதும் தோளில் விழும் அதன் உதையையும் காதைப் பிளக்கும் சத்தத்தையும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீங்கள் தாங்கியாக வேண்டும். ஒரே எடையுள்ள ரைஃபிளில் .308-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதை.

மலை ஏறி இறங்க எடை குறைந்த, கட்டையான ரைஃபிள் வேண்டும் என்றால் .308. அப்படி ஒன்றும் இல்லை, 200 கிரெயின் குண்டுகளையும் ஒருநாள் போட்டுப் பார்ப்பேன் என்றால் .30-06. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் .30-06-ஐத்தான் கையில் எடுப்பேன். 1906-ல் வந்தது, இன்றுவரை அதற்குத் தோட்டா கிடைக்காத ஊரை நான் பார்த்ததில்லை.

கேள்வி: இரண்டு பெட்டியிலும் 180 கிரெயின் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. எதற்கு?

நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். எடை ஒன்றாக இருக்கலாம், ஆனால் மோதியதும் அந்தக் குண்டு என்ன ஆகிறது என்பது அடியோடு வேறு.

சாதாரண மான் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம். நுனி மோதியதும் காளான் போல விரியும். 60 கிலோ மானுக்கு அது போதும். அதையே 350 கிலோ எல்க்கின் தோள் எலும்பில் அடித்தால் உறை தனியே ஈயம் தனியே பிய்ந்து, நுரையீரலைத் தொடுவதற்குள் தூளாகிப் போகலாம். 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரருக்குக் கனடாவில் இதுதான் நடந்தது. மூஸின் (எல்க்கைவிடப் பெரிய மான் வகை) மேல் அடித்த குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே உடைந்தன. ஊர் திரும்பியவர் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டு ஒன்றைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பார்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. அதற்கப்புறம் ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய குண்டுகள் வந்தன, முழுச் செம்புக் குண்டுகள் வந்தன. நீங்கள் கொடுக்கும் அதிக விலை இந்த வேலைக்குத்தான்.

என் மேசையில் இரண்டு குண்டுகள் வைத்திருக்கிறேன், இரண்டும் எல்க்கிலிருந்து எடுத்தவை. ஒன்று எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில், கத்தி வைத்ததும் விரலில் உருண்டு வந்து நின்றது. நான்கு இதழ் விரிந்த பூ மாதிரி இருக்கும், நிறுத்துப் பார்த்ததில் 180-க்கு 160 கிரெயின் மிச்சம். இன்னொன்று வெறும் உறை, நகத்தளவு கசங்கிய செம்புத் தகடு, ஈயம் ஒரு பொட்டுகூட இல்லை. அந்த இரண்டாவது விலங்கை மாலையில் அடித்தேன், மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தேன். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. மானுக்கு விலை குறைந்த பெட்டி போதும், எல்க், மூஸ், பெரிய கரடி என்றால் குண்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: 6.5 கிரீட்மூர் தோட்டா எல்க்குக்குப் போதுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

போதும், எல்லை தெரிந்து சுட்டால். 140 கிரெயின் சொச்சம் எடையுள்ள 6.5 குண்டு மெலிந்து நீண்டது, அதனால் காற்றையும் சதையையும் நன்றாகத் துளைத்துப் போகும். ஸ்வீடனில் 6.5×55 தோட்டாவை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடி வருகிறார்கள், அதே விட்டம், கிட்டத்தட்ட அதே வேகம். ஜெர்மனியில் பெரிய குளம்பு விலங்குகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சமும் 6.5 மில்லிமீட்டர், 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல். இது அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஆனால் குறுக்காக நிற்கும் எல்க்கின் நுரையீரல், கட்டுறுதியான குண்டு, 250 மீட்டருக்குள், இந்த மூன்றும் இருந்தால்தான் விசையைத் தொட வேண்டும். பின்பக்கம் காட்டிக்கொண்டு போகும் விலங்கை விட்டுவிடுங்கள். அதை நான் எந்தத் தோட்டாவோடும் செய்யச் சொல்ல மாட்டேன், இதோடு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்பா விட்டுப்போன .270 இருக்கிறது. காலாவதியான தோட்டா என்கிறார்களே?

யார் சொன்னது? 1925-லிருந்து மானையும் மலையாட்டையும் அடித்துக்கொண்டிருக்கிறது. 130 கிரெயின், விநாடிக்கு 930 மீட்டர் வேகம், மிதமான உதை. குழலை ஒரு நல்ல துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு .375 கட்டாயமா? ஒருவர் 7 மில்லிமீட்டரில் யானையே சுட்டிருக்கிறாரே.

சுட்டார், உண்மைதான். அந்தக் காலத்து வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பலவற்றை 7×57 மவுசரால். ஆனால் அவர் யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மனப்பாடம் செய்தவர். விரியாத முழு உறைக் குண்டு போட்டார், வருடக்கணக்கில் தினமும் அதே வேலையாக இருந்தார். வாழ்நாளில் ஒருமுறை போகிற நீங்களும் நானும் அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காட்டெருமை 700 கிலோவுக்கு வரும், விலா எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருங்கி இருக்கும், முதல் அடி சரியில்லை என்றால் புதருக்குள் போய் நின்று காத்திருக்கும், அப்புறம் அதைத் தேடிப் போகும் வழிகாட்டியின் உயிர் உங்கள் தவறுக்கு விலையாகலாம். அதனால்தான் ஆப்பிரிக்காவின் பல இடங்களில் .375-ஐ ஒட்டிய ஒரு குறைந்தபட்சத்தைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 300 கிரெயின் குண்டை, 19.4 கிராம், விநாடிக்கு 770 மீட்டரில் அனுப்புகிறது. .416-உம் .458-உம் இன்னும் பலமானவை, ஆனால் அவற்றின் உதையைப் பழகியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. .375-ஐ ஒரு சாதாரண மனிதர் சில மாதப் பயிற்சியில் நிதானமாகச் சுடலாம். முதல் தோட்டா விரியும் குண்டாக இருக்கட்டும். விரியாத குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கும் இன்னொரு மாட்டைக் காயப்படுத்தும், கூட்டத்தில் சுடும்போது இது எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். குறி முன்னங்காலுக்கு நேரே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இதயம் பலர் நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது.

கேள்வி: பெஞ்சில் நன்றாகச் சுடுகிறேன், மேக்னம் எடுத்தால் மட்டும் குறி சிதறுகிறது. ஸ்கோப்பில் கோளாறா?

ஸ்கோப்பை அப்புறம் பார்க்கலாம். என் நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். அவருக்குத் தெரியாமல் மருந்தே இல்லாத ஒரு போலித் தோட்டாவை நடுவில் வைத்துக் கொடுத்தேன். விசையை இழுத்தார், டிக் என்று ஊசி தட்டிய சத்தம் மட்டும். ஆனால் கண்கள் இறுக மூடியிருந்தன, குழலின் நுனி நாலு விரல் கீழே போய் நின்றது. வெடிக்காத தோட்டாவுக்கே அந்தக் குலுக்கல். நீங்களும் யாரையாவது இப்படி ஏற்றித் தரச் சொல்லிச் சுட்டுப் பாருங்கள். குலுக்கல் இருந்தால் ஒரு மாதம் மேக்னத்தை மூடி வைத்துவிட்டு உதையே இல்லாத சின்ன .22-இல் பழகுங்கள், அப்புறம் .308, காதுக்கு இரட்டைப் பாதுகாப்போடு. அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் மேக்னத்தை விற்றுவிடுவதில் தவறே இல்லை.

கேள்வி: ஈயம் கூடாது என்கிறார்கள். செம்புக் குண்டுக்கு மாறினால் அதே எடையில் வாங்கலாமா?

ஒரு படி இறங்குங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, சில குழல்களின் முறுக்கு, அதாவது உள்ளே குண்டைச் சுழற்றும் திருகு வரிகள், அதைச் சரியாகச் சுழற்றாது. 180 ஈயம் சுட்டவர் 165 அல்லது 150 செம்பு எடுத்தால் வேகமும் கூடும், எடை உதிராததால் ஊடுருவலும் குறையாது. வேகம் இதற்கு அவசியம், மோதும்போது விநாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரிவதில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடல் குவியலைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தால் செத்ததுதான் அதன் தொடக்கம். சட்டம் இல்லாத இடத்திலும் நான் மாறிவிட்டேன். அந்த இறைச்சியை என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: .308-உம் .30-06-உம் ஒரே குண்டு என்றால், அவசரத்துக்கு .308 தோட்டாவை .30-06-இல் போடலாமா?

கூடாது. குண்டின் விட்டம் ஒன்று, கூட்டின் நீளம் வேறு: 51 மில்லிமீட்டர், 63 மில்லிமீட்டர். உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்தே. குழலில் தோட்டா உட்காரும் அறையில் கூட்டைச் சரியாகத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் பித்தளை பிளந்து சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரலாம். கூட்டின் அடியில் பொறித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டே ஏற்றுங்கள். இரண்டு ரைஃபிள் எடுத்துப்போகும் நாளில் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள்.