இடிப்பதற்கு முன் அளந்து வையுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குன்னூர் கடைவீதியில் எங்கள் தாத்தா கட்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே கடைகள், மேலே குடியிருப்பு. ஓட்டுக் கூரை, மர மாடிப்படி, கூரை விளிம்பில் பூவேலை செய்த பலகை. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லை. கைப்பேசியாலேயே முப்பரிமாணத்தில் பதிவு செய்யலாம் என்கிறாள் என் மகள். அதனால் பயன் உண்டா?

பதில்: உங்கள் மகள் சொல்வது நல்ல யோசனை. ஆனால், பதிவு செய்தாயிற்று, இனி இடிக்கலாம் என்ற நிம்மதியை அது உங்கள் குடும்பத்துக்குத் தந்துவிடக் கூடாது. பாரீஸின் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசர் கருவியால் முன்பே அளந்து வைத்திருந்தார்; 2019 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்த பிறகு, அந்த அளவுகள் மீட்புப் பணிக்கு உதவின. இடிப்பதற்கு அல்ல, மீண்டும் எழுப்புவதற்குத்தான் அவை துணை நின்றன.

பல கோணங்களில் எடுத்த படங்களை மென்பொருளில் இணைத்து முப்பரிமாண உருவம் பெறுவதுதான் முறை. சுவருக்கு நேராக நின்று ஒரு படம், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த படம் என்று, முந்தைய படத்தில் விழுந்த பகுதியில் முக்கால் பங்காவது அடுத்ததிலும் விழும்படி எடுத்துக்கொண்டே போகவேண்டும். நின்ற இடத்திலேயே நின்று கைப்பேசியை மட்டும் திருப்பி எடுத்தால், மென்பொருளால் ஆழத்தைக் கணக்கிட முடியாது. வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தைவிட, நிழல் விழாத மேகமூட்டமான காலையே இதற்கு உகந்தது. குன்னூரில் அதற்குப் பஞ்சமில்லை. சுவரோரம் அளவு நாடா ஒன்றைப் பிரித்து வைத்து அதுவும் படத்தில் வருமாறு எடுத்தால்தான் உருவத்தோடு உண்மையான அளவும் கிடைக்கும். படங்களை இணைக்க மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கண்ணாடிச் சன்னல்கள் மட்டும் சரியாக உருப்பெறா. அவற்றைக் கையால் அளந்து தாளில் வரைந்து வையுங்கள். மூலப் படங்களை அழிக்காமல், ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

படத்தில் வராதவையும் உண்டு. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. எத்தனை படம் எடுத்தாலும் அந்த மரம் இதைச் சொல்லாது; யாரோ எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டு மரம் எங்கிருந்து வந்தது, கீழ்க்கடையில் முதலில் என்ன வியாபாரம் நடந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு படங்களிலிருந்து உருவான வரைபடத்தைப் பங்காளிகள் முன் விரித்து வைத்து, கடைகளை அப்படியே விட்டு மாடியை மட்டும் சீரமைக்க என்ன செலவாகும் என்று ஒரு கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் பழைய வீட்டின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் சிமென்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் பக்கத்துச் செங்கல்லே பொடிப்பொடியாக உதிர்கிறது. ஏன்?

பதில்: சுவருக்குள் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமென்ட் பெரும்பாலும் அடைத்துவிடும். வழியில்லாத ஈரம் ஓரங்களில் இருக்கும் மென்மையான செங்கல் வழியாக வெளியேறுகிறது. அப்போது அதிலுள்ள உப்பு படிகமாக இறுகிச் செங்கல்லை உடைக்கிறது. சிமென்ட்டை மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கலவையால் பூசுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே சுண்ணாம்பு இறுகும் என்பதால் அவசரப்படக் கூடாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியைத் தவிர்த்து, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வேலையைத் தொடங்குவது நல்லது.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஊட்டியின் பழைய கட்டடங்களுக்குக் கைப்பேசியில் ஒரு நடை வரைபடம் தயாரிக்கிறோம். எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்: ஆங்கிலேயர் காலத்தில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் கல் பங்களாவும் நீலகிரி நூலகமும் எப்படியும் இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். அவற்றோடு நின்றுவிட்டால், மலையில் கட்டத் தெரிந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமே என்று படிப்பவர் நினைத்துவிடுவார். சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் நிற்கும் படுகர் ஹட்டி (ஊர்) வீடுகளையும் மார்க்கெட் கடைகளையும் சேருங்கள். தோடர் மந்துகளை (குடியிருப்புகளை) அங்குள்ள பெரியவர்களின் சம்மதத்தோடு மட்டுமே குறியுங்கள். அவர்களுடைய கோயில் அருகே கேமராவை எடுக்காதீர்கள். நகருக்கு வெளியே போக நேரமிருப்பவர்களுக்கு, பாழடைந்து கிடந்து சீரமைக்கப்பட்ட, கோத்தகிரி அருகே உள்ள கண்ணேரிமுக்கு பங்களாவையும் காட்டுங்கள்.

நடையை ரயில் நிலையத்திலிருந்து தொடங்கலாம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த இந்த மலை ரயில், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பின்னும் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்படியாக வரைபடத்தை வெளியிடுங்கள்.