கடையில் இலவச மென்பொருள் பாவித்தால் வழக்கு வருமா?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறேன். மூன்று கணினிகள். கடிதம், சுயவிபரக்கோவை, பாமினி எழுத்துருவில் தமிழ் டைப்பிங் செய்து கொடுக்கிறோம். கணினி திருத்த வருபவர், இலவச மென்பொருளைக் கடையில் பாவிப்பது சட்டப்படி பிழை என்கிறார். கணினிக்கு 3,000 ரூபா தந்தால் 'ஒரிஜினல் லைஃப்டைம் ஒஃபிஸ்' போடுவாராம். லிப்ரே ஒஃபிஸ் போட்டால் வழக்கு வருமா? பழைய பாமினி கோப்புகள் கெட்டுவிடுமா?

பதில்: வழக்கு வராது. லிப்ரே ஒஃபிஸ், வேர்ட் போன்ற வேலைகளுக்கான திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் பாவிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள். அதைக் கடையில் போடலாம், அதில் டைப் செய்து காசும் வாங்கலாம். மூன்று கணினியோ முப்பதோ, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது என்று தடை போட்டிருந்தால் அந்த மென்பொருளைத் திறந்த மூலம் என்றே சொல்லமுடியாது.

அவர் உங்களைக் குழப்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சும்மா கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் ஆகாது. தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்கும் டீம்வியூவர் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தான் இலவசம், கடைக்குக் காசு கட்டவேண்டும். மைக்ரோசொஃப்ட்டின் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' ஒஃபிஸைக் காசு கொடுத்து வாங்கினாலும், அதில் வியாபாரம் செய்ய அனுமதி இல்லை.

இனி அந்த 3,000 ரூபாவுக்கு வருவோம். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஏதோ ஒரு நிறுவனத்துக்கென்று மொத்தமாகக் கொடுத்த கீயை, அதாவது மென்பொருளைத் திறக்கும் உரிமக் குறியீட்டை, துண்டு துண்டாக விற்பது ஒன்று. அது ஒருநாள் முடக்கப்படலாம், அப்போது அவருடைய தொலைபேசி வேலை செய்யாது. மற்றது, ஆக்டிவேட்டர் என்று ஒரு சின்னப் புரோகிராமை ஓடவிட்டு ஒஃபிஸின் உரிமச் சோதனையை ஏமாற்றுவது. அதை ஓடவிடும் முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். ஏன் நிறுத்தவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்! வாடிக்கையாளரின் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் ஆகும் கணினி அது.

சட்டம் பிடிப்பதும் இதைத்தான். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தும் இலாபத்துக்காகப் பாவிப்பது குற்றம். 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டுவது போட்டுக் கொடுத்தவர் மட்டுமல்ல, பாவிக்கும் கடைக்காரரும்தான். தன் கடையின் பெயர் போட்ட பற்றுச்சீட்டு தரமறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். உங்கள் கணினிகள் விண்டோஸோடு வந்த பிராண்ட் கணினிகள் என்றால் அநேகமாக அதன் கீ உள்ளேயே பதிந்திருக்கும், அதற்குத் திரும்பவும் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

சரி, பாமினி. கெடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவில் காட்டும் வெறும் எழுத்துரு, விண்டோஸில் அது இருக்கும்வரை லிப்ரே ஒஃபிஸ் அப்படியே காட்டும். ஆனால் புதிதாக டைப் செய்யும்போது ஒரு வில்லங்கம் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய ஆங்கில எழுத்தாக்கும் வசதி அதில் இருக்கிறது. பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சிறிய ஜீ 'ப', பெரிய ஜீ 'பு'. ஆகவே 'கணவர்' என்று அடித்தால் 'குணவர்' என்று வரும், சத்தியக் கடதாசியில் அப்படிப் போனால் வாடிக்கையாளர் விடமாட்டார். வேலை தொடங்க முன்பே டூல்ஸ் மெனுவில் ஆட்டோ கரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், பெரிய எழுத்தாக்கும் தெரிவுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மேற்கோள் குறியை மாற்றும் தெரிவையும் சேர்த்து எடுங்கள், பாமினியில் அந்த விசைகளிலும் எழுத்து இருக்கலாம். மின்னஞ்சலில் அனுப்புவதைப் பீடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். இல்லாவிட்டால் பாமினி இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். வேர்டில் அடித்தாலும் இதே கதைதான்.

புதிய வேலைகளையாவது யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையில், செய்யலாமே என்று சொல்ல ஆசை. தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் 2008 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் படிவங்கள் இன்னும் உங்கள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையர் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருளைப் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் ஹெய்ட்டிக்கும் எடுத்துப் பாவித்தார்கள். அதே இலங்கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தை ஒழுங்காகத் திறக்க ஒரு தனியார் கம்பனியின் மென்பொருளை வாங்கவேண்டியிருக்கிறது. யாரிடம் முறையிட?

அதனால் ஒரு கணினிக்கு மட்டும் முறையான ஒஃபிஸ் வாங்கி வையுங்கள், வியாபாரப் பாவனைக்கு அனுமதியுள்ள பதிப்பாகப் பார்த்து. பென் டிரைவில் வரும் சுயவிபரக்கோவைகளில் கட்டமும் அட்டவணையும் லிப்ரே ஒஃபிஸில் சிலவேளை இடம் மாறும், அவற்றை அந்தக் கணினியில் திறந்து பிரின்ட் எடுக்கலாம். மற்ற இரண்டுக்கும் லிப்ரே ஒஃபிஸ் போதும். அதை libreoffice.org என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், அதற்கும் 'லைஃப்டைம்' காசு கேட்டு ஒருவர் வருவார்.