பாரிசில் சில வாரம் தங்க வருகிறீர்களா? சாப்பாடு, சந்தை, உடை: கேள்வி பதில்

மகன் வீட்டுக்கோ, படிப்புக்கோ, வேலைக்கோ பாரிசுக்கு வந்து சில வாரம் தங்குபவர்கள் கேட்டவை இவை. நான் 12ஆம் வட்டாரத்தில், அலீக்ர் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருப்பவள். அன்றாடம் வாங்குவது, சமைப்பது, உடுத்துவது பற்றிக் கேளுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோவை: அக்கா, ரொட்டிக் கடையில் பகெத் என்ற நீள ரொட்டி இரண்டு விலையில் இருக்கிறது. எதை வாங்குவது?

கொஞ்சம் விலை கூடுதலாக இருப்பது "திராதிசியோன்". அதையே வாங்குங்கள். 1993இல் வந்த அரசாணைப்படி அதன் மாவை உறைய வைக்கக் கூடாது, பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கக் கூடாது. மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே சின்னதும் பெரிதுமாக ஓட்டைகள் இருக்கும். நன்றாகச் சிவந்தது வேண்டுமென்றால் "பியான் குயித்" என்று சொல்லுங்கள். ஒருவர்தான் என்றால் பாதி கேட்டாலும் வெட்டித் தருவார்கள். மறுநாளைக்கு வாங்கி வைக்காதீர்கள், கட்டை மாதிரி ஆகிவிடும். கடைப் பலகையில் "பூலான்ஜெரி" என்று இருக்கிறதா பாருங்கள். அங்கேயே மாவு பிசைந்து சுடுபவர்தான் அந்தப் பெயரை வைக்கலாம், அது சட்டம்.

திருச்சி: நாங்கள் சுத்த சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவோம். வெளியே எதை நம்பிச் சாப்பிடலாம்?

பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். வெங்காய சூப்பைப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் காய்ச்சுவார்கள். கீஷ் லொரேன் என்ற முட்டைப் பையில் (pie) பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், பச்சை சாலட்டின் மேலும் அதைத் தூவிவிடுவார்கள். இனிப்பு மூஸ், சில தயிர் வகைகளில் ஜெலட்டின் உண்டு. "சைவம்" என்றால் மீன் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று இரண்டையும் சொல்லுங்கள்.

பாலாடைக்கட்டியில் இன்னொரு சிக்கல். கொம்தே போன்ற பாரம்பரிய வகைகளில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் "பிரெசூர்" சேர்க்கிறார்கள். அது கூடாது என்பவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் அட்டையைப் படித்து, நுண்ணுயிர் வகை பிரெசூர் போட்டதை வாங்கலாம். உங்களுக்கு நல்ல சாப்பாடு முட்டையும் சீஸும் வைத்த பிரெத்தோன் கலெத், அதாவது பக்வீட் (பெயரில் இருந்தாலும் கோதுமை அல்ல) மாவுத் தோசை. ஹாம் (பன்றி இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

சென்னை: பொன்னி அரிசி, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்?

லா ஷப்பேல். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஈழத்தமிழர் கடைகள்.

சேலம்: சந்தையில் தக்காளியை எடுத்துப் பார்த்தேன், கடைக்காரர் சத்தம் போட்டுவிட்டார். நான் என்ன தப்புச் செய்தேன்?

தொட்டதுதான் தப்பு. போன்ஜூர் சொல்லாமல் தொட்டிருந்தால் இரண்டு தப்பு. கடைக்காரரே உங்கள் கையில் பையைக் கொடுத்தால் பொறுக்கலாம். இல்லையென்றால் அவர்தான் எடுத்துத் தருவார்.

மதுரை: இது அநியாயம் அக்கா. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? சொத்தையைத் தலையில் கட்டிவிட மாட்டார்களா?

சந்தேகம் நியாயம்தான். ஆனால் இங்கே முறை வேறு. என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மெலன் பழத்தை "புர் ஸ சுவார்", இன்று இரவுக்கு, என்று கேளுங்கள். அவர் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கனம் பார்ப்பார், காம்பைச் சுற்றி வெடித்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்துவார், முகர்ந்து பார்ப்பார், இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தருவார். காமம்பேர் பாலாடைக்கட்டிக்கும் அதே கதை: சீஸ் கடைக்காரர் பெட்டியைத் திறந்து நடுவில் அழுத்திப் பார்த்து இன்றைக்கு ஆனது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆனது என்று பிரித்துத் தருவார். அந்தக் கை உங்களுக்காக வேலை செய்கிறது.

மதுரை (மறுபடியும்): தெரிந்தவருக்கு நல்லதைக் கொடுப்பார். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகும் எனக்கு?

அதனால்தான் ஒரே கடைக்குப் போகச் சொல்கிறேன். நாலு கடை விலை விசாரிக்காமல் ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள், சீக்கிரமே முகம் பழகிவிடும். போன வாரப் பழம் புளித்தது என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, லா ஷப்பேலில் எல்லாரும் வெண்டைக்காயைத் தெரிவு செய்துதானே வாங்குகிறார்கள்?

ஆமாம், அங்கே அதுதான் வழக்கம். மதுரைக்காரர் வெண்டைக்காயை அங்கே போய் ஒடிக்கட்டும்.

பெங்களூரு: இட்லி அரிசி கிடைக்குமா?

மேலே சொல்லிவிட்டேன். அரிசிக் கேள்வி இனி வேண்டாம்.

ஈரோடு: என்ன உடை எடுத்து வருவது? எல்லோரும் ஃபேஷனாக இருப்பார்களாமே?

எங்கள் தெருவில் கறுப்பு, கருநீலம், சாம்பல் நிறம்தான் அதிகம். உடல் அளவுக்குச் சரியாகத் தைத்த கோட்டும் கழுத்துத் துணியும் இருந்தால் போதும். முக்கியம் காலணி. தினமும் நிறைய நடப்பீர்கள், மழையில் கல் பாவிய தெரு வழுக்கும். சேலை கட்டுங்கள், தாராளமாக. குளிர்காலத்தில் உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள். துணியை முடிந்தால் தள்ளுபடிக் காலத்தில் வாங்குங்கள். "சொல்த்" எனப்படும் அது ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் ஒரு புதன்கிழமை தொடங்கி நான்கு வாரம் நடக்கும். தேதியை அரசுதான் வரையறுக்கிறது. தாங்கள் வாங்கிய விலைக்கும் கீழே விற்க அப்போதுதான் கடைகளுக்கு அனுமதி. ஆனால் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை.

தஞ்சாவூர்: கடையில் யாருமே முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன்ஜூர் சொன்னீர்களா?

நெல்லை: மூன்று மணிக்கு ஹோட்டலில் சாப்பாடு இல்லை என்றுவிட்டார்கள்.

பெரும்பாலான இடங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான். தண்ணீருக்குக் "கராஃப் தோ" கேளுங்கள், குழாய்த் தண்ணீர், இலவசம்.

ஓசூர்: விமான நிலையத்தில் வரி திரும்பப் பெறுவது எப்படி?

அதைச் சுங்கத் துறையிடம் கேளுங்கள்.

மதுரை: சரி அக்கா, அலீக்ர் சந்தைக்கே போய்ப் பார்க்கிறேன். எப்போது போகலாம்?

திங்கட்கிழமை தவிர எந்த நாளும் காலையில். மெத்ரோவில் லெத்ரு-ரொல்லானில் இறங்குங்கள். மூடும் நேரத்தில், மதியம் ஒரு மணிவாக்கில், விலையைக் கூவிக் குறைப்பார்கள். அப்போது மிஞ்சியதுதான் இருக்கும், நல்ல மெலன் வேண்டுமென்றால் பத்து மணிக்குள் போங்கள்.