மாடியில் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 57. ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்தபோது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. ஈரல் இன்னும் சுருங்கவில்லை என்றார் டாக்டர். தங்கைக்கு வரன் பார்ப்பதால், கல்யாணம் முடிந்து மாத்திரை தொடங்கலாம் என்றிருக்கிறோம். வேலைக்கு விடுவதில்லை. இப்போது மறதியும் சோர்வும் அதிகம். ரப்பர் ஷீட் விற்ற கணக்கைக்கூடத் தப்பாகச் சொல்கிறார். உடற்பயிற்சி மூளைக்கு நல்லதாமே, மாடி அறையில் டிரெட்மில் வாங்கிப் போட்டால் பலன் உண்டா?
- பெயர் வேண்டாம், மார்த்தாண்டம் பக்கம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மாடி.

குமரி மாவட்டத்தில் ஒரு மனுஷன் நடக்க இடமா இல்லை? பால் வெட்டுகிறவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் சுற்றுவார். கொஞ்ச நேரம் கழித்து வாளியோடு அதே முந்நூறு மரத்துக்கும் திரும்பப் போய்ச் சிரட்டையிலிருந்து பால் எடுப்பார். ஏற்றம், இறக்கம், வழுக்கும் சருகு. இத்தனை வருஷம் அப்படி நடந்த காலை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, நடப்பதற்கு மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அதுவும் தெருவில் போகிறவன் கண்ணில் படாத உயரத்தில். வரன் வீட்டார் வந்தால் மாடிக் கதவைச் சாத்திவிடலாம், அவ்வளவுதானே?

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நடை பலன் தரும். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் வரை, ஒரு வருஷம் நடந்தவர்களுக்கு மூளையில் ஞாபகத்தைக் காக்கும் பகுதி இரண்டு சதவீதம் பெருத்தது. அவர்கள் ஈரல் நோயாளிகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஈரல்காரர்களுக்கு நடையில் இன்னொரு லாபம் உண்டு. ஈரல் தளரும்போது ரத்தத்தில் அமோனியா ஏறி மூளையை மந்தமாக்கும். அதில் ஒரு பங்கைத் தசைதான் வாங்கிக் கழிக்கிறது. உட்கார வைத்தால் தசை கரையும். வாரத்துக்கு 150 நிமிஷம், பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். சாளை மீனையும் பயறையும் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள், தசைக்கு அதுதான் தீனி.

ஆனால் கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்து என்ன? ஈரல் சுருங்காத நிலையிலும் ஹெபடைடிஸ் சி சிலருக்குக் கவனத்தையும் ஞாபகத்தையும் மங்கச் செய்யும். பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. 2018-லிருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் போய்க் கேளுங்கள். அங்கே சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களா? பார்க்கட்டுமே. பெண் பார்க்க வந்து, நிச்சயம் பண்ணி, கல்யாணம் முடிவதற்குள் இந்தப் பன்னிரண்டு வாரம் எத்தனை தடவை போயிருக்கும்? ஒரு வருஷத்தை ஏற்கெனவே தின்றாகிவிட்டது. அப்பாவின் ஈரலை அடகு வைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, தம்பி. உங்கள் தங்கையிடம் இதைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப் பிடித்தாலும் இது ஒட்டாது. ரத்தத்தில்தான் போகும். பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். வெட்டுக்கத்தி கையில் பட்டால் கழுவிக் கட்டுப் போட்டால் போதும். இவ்வளவையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் நேராகச் சொல்லுங்கள். எழுந்து போனால் போகட்டும்.

கணக்குத் தப்புகிறது என்கிறீர்களே, அவரிடம் இப்போது என்ன கணக்கை விட்டு வைத்திருக்கிறீர்கள்? அமோனியா மூளைக்கு ஏறுகிறதா என்று இதையும் கவனியுங்கள்: பகலில் தூங்கி ராத்திரி முழித்துக் கிடக்கிறாரா? கையெழுத்து கோணுகிறதா? கையை நீட்டினால் உதறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இல்லையென்றால் திங்கள் காலையில் மருந்துக்குப் போங்கள். தோட்டத்துக்குப் போகலாமா என்று டாக்டரிடம் அவர் வாயாலேயே கேட்கட்டும். சாயங்காலம் நீங்களும் கூட நடந்து சாயாக்கடை வரை போய் வாருங்கள். காசை அவர் கொடுக்கட்டும், மிச்சத்தையும் அவரே எண்ணி வாங்கட்டும்.