கஷ்ட காலத்தில் கடவுளிடம் புலம்பலாமா? அதில் என்ன பலம் கிடைக்கும்?

புலம்பல் ஜெபம் என்பது மனக்குறையை மறைக்காமல் கடவுளிடமே கொட்டுவது. வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில் (ஜெபப் பாடல்களில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள்: அதைப் பாடியவர் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று கடவுளிடம் நான்கு முறை கேட்கிறார். ஆறே வசனம்தான், முடியும்போது பாடுகிறார். இடையில் நிலைமை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

பிறகு பலம் எங்கிருந்து வருகிறது? யாரிடம் பேசுகிறோம் என்பதிலிருந்து. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை தெருவில் போகிறவரிடம் அழாது. நேரே அம்மாவிடம் ஓடி, "நீ ஏன் என்னை விட்டுட்டுப் போன?" என்று அவளையே அடிக்கும். காயம் அப்படியேதான் இருக்கும், மருந்து போட்டால் எரியவும் செய்யும். ஆனால் இப்போது அது மடியில் இருக்கிறது. கோபமே நம்பிக்கையின் அடையாளம். சிலுவையில் இயேசுவும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சொன்னார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

"அழுதால் விசுவாசம் குறைவு" என்று துக்க வீட்டிலேயே சிலர் சொல்வார்கள். ஆனால் இறந்துபோன தன் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் 11:35.