ஹெட்போனில் இடிக்கும் கிக், பந்தலில் காணோமா?
தம்பி, ஹெட்போனில் நெஞ்சை இடிக்கும் 808 கிக் (808 டிரம் மெஷினின் ஆழமான பேஸ் டிரம் ஒலி), சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் வெறும் 'டொக்' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிக்கின் உயிர் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. ஈக்யூவில் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பேஸை ஏற்றிப் பயனில்லை.

அதற்குப் பதில் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) கொடுங்கள். 150, 250, 350 ஹெர்ட்ஸ் என மேலே துணைச் சுரங்கள் பிறக்கும். காது அவற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தையும் தானாக உணர்ந்துகொள்ளும். எனக்கு இன்றும் வியப்பு தருகிற விஷயம் இது! அப்புறம் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் க்ளிக் (குச்சி தட்டுவது போன்ற கூர்மையான சத்தம்) சேருங்கள். அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டில் தறி ஓடும்போதுதான் நான் கிக்கைச் சரிபார்ப்பேன்; அந்த இரைச்சலைத் தாண்டி வருவது க்ளிக் மட்டுமே.

பாட்டு ஜி ஸ்கேல் என்றால், கிக்கும் அதே ஜி சுரத்தில் ஒலிக்க அதை 49 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்யுங்கள். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அதில் தெரிந்தால் பந்தலிலும் தெரியும்.