தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் பசுவின் சீம்பால் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வெள்ளாடு இன்று விடியற்காலை இரண்டு குட்டி போட்டுவிட்டு இறந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் பசு நேற்று கன்று ஈன்றிருக்கிறது. அதன் சீம்பாலைக் குட்டிகளுக்குக் கொடுக்கலாமா? மாட்டுப் பால் ஆட்டுக்குச் சேராது என்கிறார் அப்பா.

பதில்: கொடுங்கள், உடனே கொடுங்கள். வேறு ஆடு ஏதாவது இப்போது குட்டி போட்டிருந்தால் அதன் சீம்பால்தான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் பசுவினதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆடு, மாடு, எருமை எதிலும் நோய் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை. மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே கிடைப்பது, இவற்றுக்குச் சீம்பாலில்தான் கிடைக்கிறது. அந்தப் புரதங்களில் முக்கியமானது ஐஜிஜி (IgG) வகையைச் சேர்ந்த ஐஜிஜி-1. பசுவின் ஐஜிஜியும் ஆட்டின் ஐஜிஜியும் நெருங்கிய சொந்தம். ஆட்டு ஐஜிஜியைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பயன்படுத்தும் பரிசோதனைப் பொருள் பல சமயம் மாட்டினதையும் பிடித்துவிடும். பிறந்த குட்டியின் குடலும் முதல் சில மணி நேரம் இது யாருடையது என்று பார்க்காமல் உள்ளே விட்டுவிடும். 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும், முதல் 6 மணி நேரம்தான் பொன்னான நேரம்.

2 கிலோ குட்டி என்றால் ஒரு வேளைக்கு 100 மில்லி, முதல் நாளில் 4 வேளை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சினால் புரதம் திரிந்து பயனில்லாமல் போகும். குட்டி சில்லிட்டுக் கிடந்தால் முதலில் உடம்பைச் சூடாக்கிவிட்டு அப்புறம் ஊட்டுங்கள். சப்பத் தெம்பில்லை என்றால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பார்.

உங்கள் அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. சொந்தம் என்றாலும் ஒன்றல்லவே. சில பசுக்களின் சீம்பாலில் குட்டியின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கும். இப்படி வரும் ரத்தசோகை செம்மறிக் குட்டிகளில் நன்கு பதிவாகியிருக்கிறது. அதிகம் நடப்பதில்லை. இரண்டு மூன்று பசுக்களின் சீம்பாலைக் கலந்து கொடுத்தால் ஆபத்து இன்னும் குறையும். முதல் மூன்று வாரம் ஈறையும் கண்ணின் கீழ் இமையையும் தினமும் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். நாள்பட்ட கழிச்சலும் மெலிவும் உள்ள பசுவின் சீம்பால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பசு சந்தித்த நோய்களுக்கான ஆன்டிபாடிதான் அதன் சீம்பாலில் இருக்கும். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு எதிராகத் தடுப்பூசி போட்ட தாய் ஆடு கொடுத்திருக்கும் பாதுகாப்பை இதில் எதிர்பார்க்க முடியாது. எனவே துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி (பிபிஆர் வைரஸ் நோய்) தடுப்பூசிகளுக்கு நாள் குறிக்கும்போது, இவை பசுவின் சீம்பால் குடித்த குட்டிகள் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.